எதிர்ப்பக்கம் போன சுண்ணாம்புக் கோடு

மரம் விழுந்தபோது எங்கள் வீட்டில் கரண்டு போகவில்லை. இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியாத விஷயம் அதுதான். திண்டுக்கல்லில் இருபத்தைந்து வருடமாகக் குடியிருக்கிறேன். சிறுமலைப் பக்கம் லேசாக இருட்டிக்கொண்டு வந்தாலே முதலில் கரண்டு போகும், பிறகுதான் காற்று வரும். அன்று அவ்வளவு பெரிய வேப்பமரம் தெருவுக்குக் குறுக்கே சாய்ந்து கிடக்கிறது, உள்ளே என் வீட்டுக்காரர் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார். "என்ன சத்தம் அங்க?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

நான் கேட் வாசலில் நின்றிருந்தேன். என் கையில் பிரித்த சேலை. பக்கத்தில் தேய்ப்பு வண்டிக்காரப் பெண். ஒரு நிமிஷத்துக்கு முன்னால்வரை அந்த மரத்தடியில் நின்று துணி தேய்த்துக்கொண்டிருந்தவள். இப்போது அவளுடைய வண்டி இருந்த இடத்தில் வண்டி தெரியவில்லை. இலையும் கிளையும் மட்டும்தான் தெரிந்தன. அதற்குள்ளிருந்து மெல்லப் புகை வந்தது.

எப்படி இந்தக் கதைக்குள் நான் வந்தேன் என்பதை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் வைத்துக்கொள்ள முடியவில்லை.

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு காலிமனை. அதற்குக் காம்பவுண்டு சுவர் உண்டு. சுவருக்கு வெளியே, தெரு ஓரமாக அந்த வேப்பமரம். மரத்தடியில் அவளுடைய வண்டி. அவளுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். அவள் வீட்டுக்காரருக்கு ஒரு கை விளங்காமல் போனதிலிருந்து அந்த வண்டிதான் அவர்களுக்குச் சோறு. கரி போட்ட இஸ்திரிப் பெட்டியோடு நாள் முழுக்க நிற்பது எப்படிப்பட்ட வேலை என்று எங்கள் ஊர் வெயில் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிழல் இருந்தால் சாயங்காலம்வரை தேய்க்கலாம். நிழல் இல்லையென்றால் காலை பத்து மணியோடு கடையைக் கட்ட வேண்டியதுதான். அதனால் அந்த மரத்தின் ஒவ்வொரு கிளையும் அவளுக்குக் கணக்கு.

மரத்துக்கு மேலேதான் கரண்டு கம்பி போனது. மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்பு என்று காலையிலிருந்து மாலைவரை கரண்டை நிறுத்துவார்கள். அன்றைக்கு வயர்மேன்கள் ஏணியும் நீளக் கழியில் கட்டிய அரிவாளுமாக வருவார்கள். கம்பியைத் தொடுகிற கிளையை மட்டும் வெட்டினால் அடுத்த மாதமும் வர வேண்டியிருக்குமே என்று, சேர்த்துவைத்து வெட்டிவிட்டுப் போவார்கள். கிளம்பும்போது மரம் பாதித் தலையை மழித்ததுபோல் நிற்கும். அவள் வண்டியை ஒரு முழம் இந்தப் பக்கம், ஒரு முழம் அந்தப் பக்கம் நகர்த்தி, மிச்சமிருக்கிற நிழலுக்குள் தன்னைப் பொருத்திக்கொள்வாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்.

எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நான் வத்தலக்குண்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். தப்பு என்று கண்ணில் பட்டால் கேட்டுவிடுவேன். கேட்டேன்.

"டீச்சர், நாங்க வேணும்னா வெட்டுறோம்?" என்றார் அவர்களில் வயதானவர். "ஈரக் கெள கம்பில பட்டுச்சுன்னா மரம் பூரா கரண்டு. கீழ நிக்கிறது யாரு? இவுங்கதான."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இருந்தாலும் எனக்குக் கோபம் தணியவில்லை. அவர்கள் போன பிறகு எதிர்ப்பக்கம் போய் அவளிடம் சொன்னேன்: "ஏம்மா, மரத்துல ஒரு மஞ்சத் துணியக் கட்டு. மஞ்சளு குங்குமம் வச்சுவிடு. அப்பறம் எவன் அருவாளத் தூக்குறான்னு பாப்போம்."

எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. மஞ்சள் துணி கட்டிய வேப்பமரத்தில் கைவைக்க யாருக்கும் துணிச்சல் வராது. ஆனால் அவள் தயங்கினாள்.

"ஆத்தாள வச்சு வெளையாடக் கூடாது டீச்சர்."

"வெளையாட்டு என்ன வெளையாட்டு? நெசமாவே கும்பிடு. யாரு வேணாங்குறா?"

அவள் நிஜமாகவே கும்பிட்டாள். மறுநாள் குளித்துவிட்டு வந்து துணியைக் கட்டி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். எனக்கு அது ஒரு தந்திரம். அவளுக்கு அது ஆத்தா. இந்த வித்தியாசம் அப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் பூசைக்குக் கிளம்பும்போது வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். "பங்குச்சாமிகிட்ட சொல்லிருவமா, டீச்சர் வீட்டுக்கு எதுக்க ஒரு கோயில் கட்டியிருக்காகன்னு?"

அடுத்த மாதம் வயர்மேன்கள் வந்தார்கள். மரத்தைப் பார்த்தார்கள். செருப்பைக் கழற்றினார்கள். வயதானவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சரி, இந்த மாசம் விடுங்கப்பா" என்றார். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று சிரித்தேன்.

அந்த மாதம் விட்டார்கள், அதற்கடுத்த மாதமும் விட்டார்கள். கிளைகள் கம்பிக்குள் நுழைந்தன. ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் மேலே பொறி பறந்தது. தெருக்கோடி வீட்டில் ஃப்ரிட்ஜ் எரிந்துபோனது. அந்த வீட்டுக்காரர் வந்து, மரத்தை அடியோடு எடுத்தால்தான் விடிவு என்று சத்தம் போட்டார். அவள் வண்டியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் அவரை விடவில்லை. மரத்தை ஏன் வெட்ட வேண்டும், கம்பியைத் தரைக்கு அடியில் புதைத்தால் மரமும் நிற்கும் கரண்டும் போகாது, பெரிய ஊர்களிலெல்லாம் அப்படித்தானே செய்கிறார்கள் என்று வகுப்பே எடுத்துவிட்டேன். அன்றைக்கே மனு எழுதினேன். தெரு முழுக்க ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினேன். அவளிடமும் நீட்டினேன். கரிக் கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துவிட்டுத் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினாள்.

கேபிள் வந்தது. என் மனுவால் வந்ததா, எங்கள் பகுதிக்கு எப்படியும் வரவேண்டியதுதானா, எனக்குத் தெரியாது. தெருவில் எல்லாரும் டீச்சரால்தான் வந்தது என்றார்கள். நான் மறுக்கவில்லை.

பள்ளம் தோண்டுவதற்கு முந்தின நாள் தெருவில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கோடு எங்கள் வீட்டுப் பக்கமாக வந்தது. என் வாசல் சறுக்கைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது.

சறுக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் எல்லாரையும்போல நாங்களும் கேட்டுக்கு வெளியே வண்டி ஏறுவதற்கு ஒரு சறுக்கு கட்டியிருந்தோம். தெரு இடம்தான். யார் அதைப் பற்றி யோசிக்கிறார்கள்? அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் சிமெண்டுத் தரையை உடைத்துவிட்டு, செங்கல் நிறத்தில் டைல்ஸ் ஒட்டியிருந்தேன். கடை கடையாக ஏறி நானே தேர்ந்தெடுத்தது. தினமும் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தேன். அதன் மேல் கோட்டைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் காலையில் ஜேசிபி வந்து நின்றபோது நான் சறுக்கின் மேல் நின்றேன். மேஸ்திரி நெய்க்காரப்பட்டிக்காரர், மரியாதையான மனிதர்.

"ஏனுங்க டீச்சர், செத்த நகந்துக்குங்க."

"இது இப்பத்தான் போட்டது. டைல்ஸ் ஒடஞ்சுரும்ல தம்பி. எதுத்தாப்புல காலிமனைதான கெடக்கு, அந்தப் பக்கமாக் கொண்டு போங்க."

"அங்க மரமிருக்குதுங்களே. சொவத்துக்கும் மரத்துக்கும் நடுவுலதான் எடங்கெடக்குது. அங்க தோண்டுனா வேரு மாட்டுமுங்க."

அப்போது நான் சொன்னதை வரி மாறாமல் எழுதுகிறேன். "வேப்பமரத்துக்கு ஆணிவேர் நேரா அடியில போயிருக்கும் தம்பி. மேல வர்றதெல்லாம் பக்கவேர். அது போனா திரும்ப வந்துரும். நான் புள்ளைகளுக்கு இதத்தான் பாடம் நடத்துறேன். கெளைய வெட்டாம இருந்தாப் போதும்."

அவர் தலையைச் சொறிந்தார். எதிர்ப்பக்கம் அவள் பெட்டியில் கரி போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "டீச்சரே சொல்றாங்கல்ல" என்று யாரோ ஒரு தொழிலாளி சொன்னார். சுண்ணாம்பை இன்னொரு கோடாகப் போட எவ்வளவு நேரமாகும்? தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விட்டது.

ஆனால் அங்கே மஞ்சள் துணி இருந்தது. ஜேசிபி ஓட்டுகிறவர் இறங்கிவிட்டார், சாமி மரத்துப் பக்கம் வண்டியை விட மாட்டேன் என்றார். மேஸ்திரியே போய்த் தேங்காய் வாங்கி வந்தார். சூடம் ஏற்றி, தேங்காயை உடைத்து, மரத்தைப் பார்த்துக் கைகூப்பினார். "தாயீ, உம்மேல ஒரு எல கூட நாங்க தொடமாட்டமுங்க. மண்ணத்தான் தோண்டறோம். கோவிச்சுக்காத." அவளும் பக்கத்தில் நின்று கும்பிட்டாள். எனக்கே ஒரு கணம் சிலுவை போட்டுக்கொள்ளத் தோன்றியது. பிறகு தோண்டினார்கள். சொன்ன சொல் தவறவில்லை, ஒரு இலையைக்கூடத் தொடவில்லை.

நான் உள்ளே போய் அவர்கள் எல்லாருக்கும் டீ போட்டேன். அடுப்படியில் நிற்கும்போது வெளியே மளுக் மளுக்கென்று நாலைந்து முறை கேட்டது. கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எட்டிப் பார்க்கவில்லை. சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று ஒரு வாய் குடித்துப் பார்த்தேன்.

பள்ளத்தை மூடினார்கள். கம்பத்தைப் பிடுங்கினார்கள், கம்பியைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். தெருவில் முதல்முறையாக வானம் கோடில்லாமல் தெரிந்தது. அரிவாளோடு யாரும் வரவில்லை. மரம் மொட்டையாக இருந்த பக்கமெல்லாம் துளிர்த்து, ஒரே வருடத்தில் குடையாக நின்றது. நிழல் தெருவின் பாதிவரை வந்தது. அவள் சாயங்காலம் ஆறு மணிவரை தேய்த்தாள். "எல்லாம் டீச்சரு புண்ணியம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். பங்குனியில் பூத்தபோது வாசனை என் அடுக்களைவரை வந்தது. நான் பெருமையில் மிதந்தேன். மேலே அந்த மரம் எவ்வளவு பாரம் ஏற்றிக்கொண்டிருக்கிறது, கீழே அதை எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. பாடம் நடத்துகிறவளுக்குத் தோன்றவில்லை.

சித்திரையில் என் தங்கச்சி பேத்திக்குச் சர்ச்சில் முதல்முறை நன்மை வாங்குகிற புதுநன்மை விழா. அதற்குக் கட்ட ஒரு பட்டுச் சேலை தேய்க்கக் கொடுத்திருந்தேன். மத்தியானம் வாங்கிவந்து பிரித்தால் முந்தியில் ஒரு மடிப்பு, விரல் நீளத்துக்கு. சின்ன விஷயம். ஆனால் என் வாய் சும்மா இருக்காதே. கேட்டுக்குப் போய் அங்கிருந்தே கத்தினேன்.

"ஏம்மா, இங்க வா. இதுதான் நீ தேய்க்கிற லட்சணமா?"

அவள் அரைகுறையாகத் தேய்த்த சட்டையை அப்படியே விட்டுவிட்டு, பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து வந்தாள். சிறுமலைப் பக்கம் கருத்திருந்தது. காற்று எழும்பியிருந்தது, புழுதி பறந்தது. நான் சேலையை அவள் முகத்துக்கு நேரே நீட்டி மடிப்பைக் காட்டினேன். "குடுங்க டீச்சர், செத்த நேரத்துல எடுத்துருவேன்" என்று கையை நீட்டினாள்.

ஒரு காற்று வந்தது. பெரிய காற்றுகூட இல்லை. நாங்கள் இருவரும் கண்ணை மூடிக்கொண்டோம். காம்பவுண்டுப் பக்கம் மண் பிளக்கிற சத்தம். கண்ணைத் திறந்தபோது மரம் வந்துகொண்டிருந்தது. விழுந்தது என்று சொல்ல முடியாது. அவ்வளவு நிதானமாகத் தெருப்பக்கம் சாய்ந்து வந்தது. உச்சிக் கிளை என் சறுக்கின் மேல் வந்து படிந்தது, எங்கள் காலுக்கு இரண்டு அடி தள்ளி. பிரித்த சேலையை ஏனோ ஒழுங்காக மடிக்க ஆரம்பித்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

உள்ளே டிவியில் யாரோ சிரித்தார்கள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகுதான் ஆட்கள் ஓடிவந்தார்கள். கிளையை விலக்கிப் பார்த்தார்கள். வண்டி தட்டையாகக் கிடந்தது. பெட்டியிலிருந்து கொட்டிய கரியில் நாலு வீட்டுத் துணி கருகிப்போயிருந்தது. அடிமரம் சரியாக அவள் நிற்கிற இடத்தில் கிடந்தது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், மரத்தைப் பார்த்தார்கள், மஞ்சள் துணியைப் பார்த்தார்கள். ஆத்தா காப்பாற்றிவிட்டாள் என்று ஒரு அம்மாள் அழுதார். அவள் மட்டும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கை கொதித்தது.

"நீங்க கூப்டலேன்னா நான் இல்ல டீச்சர்."

எல்லார் முன்னாலும் சொன்னாள். நான் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. மரத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூர் மண்ணோடு பிடுங்கி நின்றது. தெருப்பக்கம் வேர்கள் மண்ணுக்குள் வளைந்து முறிந்திருந்தன. காம்பவுண்டுப் பக்கம் வேரே இல்லை. வாழைத்தண்டை நறுக்கினதுபோல் வரிசையாக வெட்டு மட்டும் இருந்தது. வெட்டு பழசு, கருத்துப்போய்ப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஆணிவேர் என்று நான் சொன்னது எங்கேயும் கண்ணில் படவில்லை. அடியில் ஒரே கற்பாறை.

ஒரு வருடத்துக்கும் மேலாக அந்த மரம் ஒற்றைப் பக்கத்து வேரில் நின்றிருக்கிறது. அதற்கடியில் அவள் நின்றிருக்கிறாள். நான் தினமும் கேட்டைத் திறந்து அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

நான்கு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புதுநன்மைக்குப் போகவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ வேணும்னா செஞ்ச? விடு" என்றார். விட முடியவில்லை. ஐந்தாம் நாள் அவள் வீட்டைத் தேடிப்போனேன். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஒற்றை அறை. அவள் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்திருந்தார். அவள் வாசலில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். உட்காரப் பலகை எடுத்துப் போட்டாள். நான் நின்றுகொண்டே சொன்னேன். என் சறுக்குக்காகத்தான் கோட்டை மாற்றச் சொன்னேன், வேர் போனது என்னால்தான், உன் உயிர் போகப் பார்த்தது என்னால்தான் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"தெரியும் டீச்சர்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நான் அங்கனதான நின்னேன். வெட்டிப் போட்ட வேரெல்லாம் நாந்தான் பொறுக்கிட்டு வந்தேன். ரெண்டு மாசம் அடுப்பெரிச்சேன். ஒண்ணொண்ணும் இம்புட்டு தண்டி இருந்துச்சு." தன் முழங்கைக்கு மேலே கையால் சுற்றிக் காட்டினாள்.

"அப்ப ஏம்மா ஒரு வார்த்த சொல்லல?"

"திரும்ப வந்துரும்னு நீங்க சொன்னீங்கல்ல. படிச்சவுக, சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்." அடுப்பை ஊதினாள். "டீத்தண்ணி குடிக்கிறீங்களா?"

அவள் கோபப்பட்டிருந்தால் நான் அழுதுவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். கோபப்படவே இல்லை. அவள் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன். எட்டாம் வகுப்பில் அந்தப் பாடத்தை இந்த வருடம் என்னால் நடத்த முடியவில்லை. இன்னொரு டீச்சரை நடத்தச் சொல்லிவிட்டேன்.

தெருவில் எல்லாருமாகச் சேர்ந்து அவளுக்கு ஒரு பழைய தள்ளுவண்டி பிடித்துக் கொடுத்தோம். மரத்தை அறுத்து லாரியில் ஏற்றிப்போன இடத்தில் வெயில் நேராக இறங்கியது. அங்கேதான் வந்து நின்றாள். தலையில் துண்டை நனைத்துப் போட்டுக்கொண்டு தேய்த்தாள். பத்து மணிக்கு மேல் நிற்க முடியவில்லை. பாதித் துணியோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதை மூன்று நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

நான்காம் நாள் ஆளைக் கூப்பிட்டு, என் சறுக்குக்கு இரண்டு பக்கமும் மண்ணில் இரும்புக் குழாய் நட்டு, மேலே நல்ல கனமான தார்ப்பாயைக் கட்டவைத்தேன். கேட்டுக்கு முன்னால் நாள் முழுக்க நிழல். எங்கள் ஸ்கூட்டரைத் தெருவில் நிறுத்திக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரரும் சொல்லிவிட்டார். மரம் சாய்ந்த அன்று உச்சிக் கிளை வந்து விழுந்தும் அந்த டைல்ஸில் ஒன்றுகூட விரியவில்லை. தார்ப்பாய் கட்டின அன்றைக்கும் கழுவினேனோ என்னவோ, பளபளவென்று இருந்தது. எதிர்ப்பக்கம் போய் அவளைக் கூப்பிட்டேன்.

"வண்டிய இங்க கொண்டாந்து போடும்மா. இனிமே இதுதான் உன் எடம்."

அவள் வந்தாள். சறுக்குக்குக் கீழேயே நின்றாள். தார்ப்பாயைப் பார்த்தாள். பிறகு குனிந்து தரையைப் பார்த்தாள், வண்டியின் இரும்புச் சக்கரத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. நிஜமான அக்கறைதான் இருந்தது.

"வேணாம் டீச்சர்" என்றாள். "டைல்ஸ் ஒடஞ்சுரும்ல."